கடலோர மனைப்பிரிவுகளில் மழைநீர் வடிகால்: கட்டுமாவடிப் பகுதி

வயலோ தரிசோ மனைகளாகவும் சாலைகளாகவும் மாறியபின் அங்கிருந்து கூடுதலாக ஓடிவரும் மழைநீரைத் தேக்கியும், மண்ணில் இறக்கியும், மிஞ்சியதைச் சேதமின்றி வெளியேற்றியும் கையாள்வதே மழைநீர் வடிகால் மேலாண்மை. புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில், பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி உள்ள கட்டுமாவடி போன்ற ஊர்களில் இதற்குத் தனிக் கவனம் தேவை. நிலம் தட்டையானது. ஒரு கண்மாயின் கலிங்கு வழிந்து அடுத்த கண்மாயை நிரப்பும் மாவட்டம் இது; ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்கே மிஞ்சும் நீர் வாரிகளிலும் காட்டாறுகளிலும் கடலோரத்துக்கே வந்துசேர்கிறது.

ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 4 லட்சம் லிட்டர். திறந்த மணல் நிலத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடினால் 80 ஆயிரம் லிட்டர்தான். கூரையும் சிமென்ட் தளமும் தார்ச்சாலையும் வந்து, 60 விழுக்காடு ஓடும் நிலை ஏற்பட்டால் அது 2.4 லட்சம் லிட்டராகிவிடும். அளவு கூடுவதோடு, நீர் சீக்கிரமாகவும் ஒரே நேரத்திலும் வந்து சேர்வதால்தான் சிறு வாய்க்கால்கள் உடைகின்றன.

கிராவல் அடித்து மனையை உயர்த்துவது வழக்கமான தீர்வு. அதில் நீர் அடுத்த மனைக்கும் பழைய குடியிருப்புக்கும் இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. மண் அடிக்கும்போது வரத்து வாரி ஒன்று தூர்ந்துவிட்டால் கீழே உள்ள கண்மாய் வறண்டு, மேலே உள்ள தெரு மூழ்கும்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக, 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும். தாழ்வான மூலையில் அந்த இடம் அமைந்தால், மழைக்காலத்தில் நீர் தங்கும் பூங்காவாகவும் அது பயன்படும். மேடான மூலையை ஒதுக்கினால் அந்தப் பயன் போய்விடும்.

மணற்பாங்கான இடத்தில் உறிஞ்சுகுழி நன்றாக வேலை செய்யும். கிணறுகளில் உப்பு ஏறுவதையும் மட்டுப்படுத்தும். ஆனால் கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைமட்டத்தை நெருங்கிவிட்டால் குழி தானே நிரம்பி நிற்கும். அப்போது கைகொடுப்பவை குளமும் ஊருணியும்தான்.

வடிகாலின் கடைமுனையே இங்கு முடிவான சோதனை. பாக் நீரிணையில் ஓத ஏற்றவிறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், தட்டைக் கரையில் அதுவே வாய்க்காலின் சரிவை விழுங்கிவிடப் போதும். புயற்காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளும் நேரத்தில் நீர் வடியாமல் எதிர்த்து ஏறும். எனவே கடலுக்கு வடிகால் வெட்டியதோடு வேலை முடியாது. கடல் இறங்கும்வரை மழைநீரை மனைப்பிரிவுக்குள்ளேயே நிறுத்திவைக்கும் கொள்ளளவு வேண்டும். கடல்வாயில் ஒருவழிக் கதவும் வேண்டும். இறால் பண்ணைக் கரைகளும் சாலை மேடும் நீரோட்டத்தைக் குறுக்கே மறிக்கும் இடங்களில், மேலிருந்து வரும் பெருக்கைக் கணக்கிட்டே பாலக் கண்களை அகலப்படுத்தவேண்டும்.

சாலைகளும் வடிகால்களும் ஒப்படைக்கப்பட்டபின் பராமரிப்பு ஊராட்சியின் பொறுப்பு. புரட்டாசிக்குள் மண்ணும் நெகிழிக் குப்பையும் அள்ளப்படாத வாய்க்காலில் வடிவமைப்புக் கணக்கு எதுவும் செல்லுபடியாகாது.