படம் எடுக்கப் பறந்த இரண்டு காலைகள்

பறந்துகொண்டிருக்கும் ஒரு விமானத்தின் படத்தைப் பார்த்தால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: கேமரா எங்கே இருந்தது? விமானம் கண்ணுக்கு நேராக, பின்னால் மலை, கீழே மேகம் என்று படம் இருந்தால், பக்கத்திலேயே இன்னொரு விமானமும் பறந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டோ, கதவைக் கழற்றி வைத்துவிட்டோ உட்கார்ந்து எடுத்திருப்பார். படத்தில் தெரிவது ஒரு விமானம். ஆபத்தில் இருந்தது இரண்டு.

சொந்த ஆசைக்காக லைசென்ஸ் எடுத்துப் பறக்கிறவர்களுக்கு இப்படி ஒரு படம் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தியாவில் தனியார் விமானி லைசென்ஸுக்கு 40 மணி நேரப் பறத்தல் அனுபவம் போதும். அந்தப் பயிற்சியில் இன்னொரு விமானத்தோடு ஒட்டிப் பறப்பது கிடையாது. 'அடுத்தவனிடமிருந்து விலகி இரு' என்பதுதான் அங்கே கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். படப்பிடிப்பு கேட்பதோ அதற்கு நேர் எதிரான வேலை. அப்போ இவர்களை எப்படித் தயார்படுத்துவது? இதற்குப் பதில் தேடிப் போனபோது சரித்திரத்தில் இரண்டு காலைகள் கிடைத்தன. ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது.

பூர்ணியா, 1933

1933 ஏப்ரல் 3. பீகாரில் பூர்ணியா பக்கத்தில் லால்பாலு என்ற மைதானம். காலை 8.25-க்கு இரண்டு வெஸ்ட்லேண்ட் விமானங்கள் கிளம்பின. இரண்டுமே இரட்டை இறக்கை, திறந்த காக்பிட் ரகம். எவரெஸ்ட்டின் மேலே முதல்முறையாகப் பறந்து படம் எடுத்துவருவதுதான் வேலை. செலவு லேடி ஹூஸ்டன் என்ற பிரிட்டிஷ் கோடீஸ்வரியுடையது.

முதல் விமானத்தை ஓட்டியவர் கிளைட்ஸ்டேல் பிரபு. வார நாட்களில் அவர் பார்லிமென்ட் உறுப்பினர். இரண்டாவதை ஓட்டியவர் டேவிட் மெக்கின்டயர். இரண்டு பேரும் கிளாஸ்கோவின் 602-வது துணை விமானப்படை ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர்கள். துணைப்படை என்றால் வேறு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் வந்து பறக்கிறவர்கள். முழுநேர விமானிகள் இல்லை. ஆனால் ஒரே படையில் சேர்ந்து பறந்து பழகியவர்கள். இவன் எப்போது திரும்புவான், எப்போது தயங்குவான் என்பது அவனுக்குத் தெரியும்.

கிளைட்ஸ்டேலுக்குப் பின்னால் பிளாக்கர், மெக்கின்டயருக்குப் பின்னால் சினிமா ஒளிப்பதிவாளர் பான்னெட். ஒரு விமானம் மலைக்கு முன்னால் தெரிய, அதை இன்னொன்றிலிருந்து எடுப்பதும் திட்டத்தில் இருந்தது. இன்றைக்கும் புத்தகங்களில் வரும் அந்தப் பிரபலமான எவரெஸ்ட் படங்கள் அப்படி வந்தவைதான். 'விங்ஸ் ஓவர் எவரெஸ்ட்' என்ற அந்த சினிமா ஆஸ்கரும் வாங்கியது.

தயாரிப்பைப் பாருங்கள். இங்கிலாந்திலேயே விமானத்தை 30,000 அடிக்கு மேல் ஏற்றி ஆக்சிஜனையும், மின்சாரத்தால் சூடாகும் உடுப்பையும், கேமராவையும் சோதித்தார்கள். பெரிய விமானங்கள் கப்பலில் கராச்சிக்கு வந்தன. கூடவே மூன்று சின்ன 'மாத்' விமானங்களை இங்கிலாந்திலிருந்து பறந்தே கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்று பஸ் மாத். 1932 அக்டோபரில் டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த, வின்சென்ட் அங்கிருந்து மெட்ராஸுக்கு ஓட்டிவந்த அதே ரகம். பூர்ணியாவில் பலூன் விட்டு மேல்காற்றை அளந்தார்கள். காற்று சரியில்லாத நாட்களில் கிளம்பவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்ததா? இல்லை. சிகரத்தின் காற்று மறைவுப் பக்கத்தில் கீழிறங்கும் காற்று ஆயிரம் அடிக்கு மேல் விமானத்தை இழுத்துப்போட்டது. பான்னெட்டின் ஆக்சிஜன் குழாய் உடைந்தது. கைக்குட்டையால் அதைக் கட்டிவிட்டு அப்படியே மயங்கி விழுந்தார். விமானம் கீழே இறங்கிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அளவெடுப்புக்கான நேர்கீழ்ப் படங்களைத் தூசு மண்டலம் கெடுத்துவிட்டது. அதற்காக ஏப்ரல் 19 அன்று, 'போதும், திரும்பி வாருங்கள்' என்ற லண்டன் உத்தரவை மீறி, மறுபடியும் போனார்கள். அந்த மீறலை நான் நியாயப்படுத்த வரவில்லை. அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் நடுவானில் ஏதோ ஒன்று கெட்டபோது, இரண்டு விமானங்களும் ஒன்றையொன்று நெருக்கவில்லை. நாலு பேரும் உயிரோடு திரும்பினார்கள். பல வருஷம் கழித்து, 1951 எவரெஸ்ட் வழித்தேடலுக்குத் தயாரான மைக்கேல் வார்டுக்கு லண்டன் ஆவணக்காப்பகத்தில் உதவியவற்றில் இந்தப் பயணத்தின் படங்களும் உண்டு.

கலிபோர்னியா, 1966

1966 ஜூன் 8. எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு ஒரு விளம்பரப் படம் தேவைப்பட்டது. தங்கள் என்ஜின் பொருத்திய ஐந்து வகை விமானங்கள் ஒரே சட்டகத்தில் நிற்கணும். நடுவில் எக்ஸ்பி-70 வால்கிரி. ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகம் போகும் ராட்சத விமானம், உலகத்தில் இரண்டே இரண்டுதான் இருந்தன. அதன் இரண்டு பக்கமும் எஃப்-4, எஃப்-5, டி-38, எஃப்-104. படம் எடுப்பவர்கள் ஒரு லியர்ஜெட்டில்.

எஃப்-104-ஐ ஓட்டியவர் நாசாவின் ஜோ வாக்கர். 1963-ல் எக்ஸ்-15-ல் 108 கிலோமீட்டர் உயரம் வரை போய் வந்தவர். திறமையில் அவரோடு ஒப்பிட்டால் பூர்ணியா ஆட்கள் கத்துக்குட்டிகள்.

படங்கள் எடுத்து முடிக்கப்போகும் நேரம், காலை 9.26. எஃப்-104-ன் வால் வால்கிரியின் வலது இறக்கை நுனியில் உரசியது. அந்தச் சின்ன விமானம் தலைகீழாகப் புரண்டு பெரியதன் முதுகின் மேல் உருண்டு, இரண்டு செங்குத்து வால்களையும் பிய்த்துக்கொண்டு போனது. வாக்கர் அங்கேயே இறந்தார். வால்கிரி சுமார் 16 விநாடிகள் ஒன்றும் நடக்காததுபோல நேராகப் பறந்தது. பிறகு சுழன்று விழுந்தது. அல் வைட் காயத்தோடு வெளியே குதித்துத் தப்பினார். அன்றுதான் முதல்முறையாக அந்த விமானத்தில் ஏறிய கார்ல் கிராஸ் தப்பவில்லை.

காரணமாக இறக்கை நுனியின் சுழல்காற்றைச் சொல்வார்கள். அதற்கும் முன்னால் ஒரு சாதாரண விஷயம் இருக்கிறது: வாக்கர் இருந்த இடத்திலிருந்து அந்த இறக்கை நுனியைப் பார்க்கணும்னா தலையை நன்றாகத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும். எதைப் பார்த்துத் தூரத்தைக் கணிக்கணுமோ, அது கண்ணில் படவில்லை. ஓட்டியவர்களோ விமானப்படை, கடற்படை, நாசா, தனியார் கம்பெனி என்று வேறு வேறு இடத்து ஆட்கள். படப்பிடிப்பே அன்றைய சோதனைப் பறத்தலின் வாலில் ஒட்டவைத்த வேலை. முறையான மேலிட ஒப்புதல் இல்லாமல் நடந்தது என்று பிறகு அதிகாரிகள் மேல் நடவடிக்கை வந்தது.

தரையிலேயே முடிய வேண்டியவை

வார இறுதி விமானிகள் திரும்பி வந்தார்கள், உலகத்தின் சிறந்த சோதனை விமானி திரும்பவில்லை. 'திறமை தேவையில்லை' என்று இதைப் படிக்கக் கூடாது. திறமையால் ஈடுகட்ட முடியாத சில முடிவுகள் இருக்கின்றன, அவை தரையில் எடுக்கப்பட வேண்டியவை. எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் திரும்பி வர வழி எழுதிவைக்காமல் ரிலீஸ் போகக் கூடாது என்போம். அதேதான்.

முதலாவது, யார் தலைவர்? வழக்கமாகக் கேமரா இருக்கும் விமானம் தலைமை. அது நேராக, நிதானமாகப் பறக்கும். மலை, மற்ற விமானம், எல்லாவற்றையும் அதன் விமானி பார்த்துக்கொள்வார். படத்தில் வரும் விமானி தலைவரிடமிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 'சரிசெய்ய' ஆரம்பித்தால் மோதல்தான்.

இரண்டாவது, கண்ணில் படவில்லை என்றால் என்ன? உடனே ரேடியோவில் சொல்லிவிட்டு, முன்பே பேசி வைத்த திசையில் விலக வேண்டும். 'இங்கேதான் இருப்பான்' என்ற ஊகத்துக்கு இடமில்லை. திரும்பச் சேர்வது தலைவர் அனுமதித்த பிறகே, மெதுவாக.

மூன்றாவது, போட்டோகிராபர் யாரிடம் பேசுவார்? தன் விமானியிடம் மட்டும். 'இன்னும் கொஞ்சம் கிட்ட' என்ற ஆசை நேராக அடுத்த விமானியின் காதில் விழக் கூடாது. புரொபெல்லர் உறைந்துபோன மாதிரித் தெரியாமலிருக்க 125-ல் ஒரு விநாடி போன்ற மெதுவான ஷட்டர் வைப்பார்கள். பாதிப் படம் ஆடிப்போகும், திரும்பத் திரும்ப எடுக்கணும், அலுப்பு சேரும். வால்கிரி விஷயத்திலும் முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டே ஓடியிருந்தது. அதனால் எத்தனை நிமிஷம் என்பதும் கீழேயே முடிவாகணும்.

இதையெல்லாம் பேசிய பிறகு, விமானிகள் தளத்தில் இறங்கி, தாங்களே விமானமாகி, நடந்து ஒத்திகை பார்ப்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 'நீ இடது என்றது யாருடைய இடது?' என்ற கேள்வி அங்கேதான் வெளியே வரும்.

முன்னேற்பாடு இல்லாமல் சேர்ந்து பறக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. பறக்கும் விமானத்திலிருந்து படம் எடுக்க டிஜிசிஏ-யின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்கிறது 1937-ம் வருட விமான விதிகளின் 13-வது விதி. பயணிகள் ஜன்னல் வழியாக எடுப்பதற்குத்தான் சலுகை.

எங்கள் அய்யம்பாளையத்திலிருந்து பார்க்கும் பழனி மலையைவிட நல்ல பின்னணி ஒரு விமானப் படத்துக்குக் கிடைக்குமா என்று எனக்கே தோன்றும். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து மலை ஏறி வந்து எங்கள் பக்கம் இறங்குகிறது. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று, இரண்டு சின்ன விமானங்களை விடுமா? எவரெஸ்ட்டின் மறைவுப் பக்கத்தில் கிளைட்ஸ்டேலை இழுத்தது இதே விதிதான், அளவுதான் வேறு.

லியர்ஜெட்டிலிருந்து எடுத்த அந்த வால்கிரி படங்கள் இப்போதும் கிடைக்கின்றன. ஐந்து விமானங்களும் ரொம்ப அழகாக, வரிசையாக நிற்கின்றன. தப்பு எதுவும் தெரியவில்லை. அதுதான் அந்தப் படங்களில் பயமுறுத்தும் விஷயம்.