கூலி பேசாத வீடு

ட்ரான் ஆன் ஹுங் இயக்கிய 'பச்சைப் பப்பாளியின் வாசம்' 1993இல் கான் திரைப்பட விழாவில் அறிமுக இயக்குநருக்கான 'கேமரா தோர்' விருதைப் பெற்றது. கதை 1951இல் சைகோனில் தொடங்குகிறது. துணி வியாபாரத்தில் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு, பத்து வயது மூய் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்து சேர்கிறாள். அடுப்பு மூட்டுகிறாள், கீரை வதக்கக் கற்றுக்கொள்கிறாள், முழங்காலிட்டுத் தரையைத் துடைக்கிறாள். இவை எல்லாவற்றையும் அவசரமே இல்லாமல் பார்க்கும் படம், அவளுக்கு என்ன கூலி, அது யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. ஏழ்மையை அழகாக்கிவிட்டார்கள் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் கூலிப் பேச்சு எழாமல் பார்த்துக்கொண்டதில்தான் அந்த வீட்டுமுறையின் பலம் இருந்தது. வியட்நாமில் சிறுமிகள் பிறர் வீட்டில் வேலைக்கு நின்ற வழக்கத்தை அடி உதை மட்டும் காப்பாற்றவில்லை. 'நம்ம வீட்டுப் பெண் மாதிரி' என்ற பாசமும் சேர்ந்தே காப்பாற்றியது.

முதலில், இந்தப் பெண்கள் பிறர் வீட்டு வாசலுக்கு எப்படி வந்தார்கள்? பிரெஞ்சு ஆட்சி உப்பு, சாராயம், அபின் மூன்றையும் ஏகபோகமாக்கியது. தலைவரியைப் பணமாகக் கேட்டது. வீட்டில் நெல் இருக்கலாம், கோழி இருக்கலாம். வரிக்கெடு வரும் நாளில் காசு இருக்காது. 1930களின் இறுதியில் வந்த ங்கோ தத் தோவின் 'தத் தென்' நாவலில், கணவனின் தலைவரியைக் கட்ட வழியில்லாத ஒரு தாய், ஏழு வயது மகளையும் வீட்டு நாயையும் அதன் குட்டிகளையும் ஊர்ப் பணக்காரனிடம் விற்கிறாள். அது போதாதென்று, செத்துப்போன கொழுந்தனுக்கும் வரி கேட்கிறார்கள். கற்பனைக் கதைதானே என்று தள்ளலாம். ஆனால் அன்றைய வாசகர்களுக்கு வரி வசூலும் தெரியும், வசூலிக்க வரும் ஆட்களையும் தெரியும். தெற்கே கடன் வேறு வடிவத்தில் வந்தது. மெகாங் சமவெளியின் நிலக்கிழார்கள் நிலத்தை ஈடு காட்டி, சைகோனில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் கடன் வாங்கினார்கள். வாங்கியதைக் கூடுதல் வட்டிக்குக் குத்தகைதாரர்களிடம் விட்டார்கள். செட்டியார் எந்தக் குத்தகைதாரரின் மகளையும் கேட்டிருக்க மாட்டார், கண்ணால் பார்த்தே இருக்க மாட்டார். 1930களின் உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது அந்தச் சங்கிலியின் முழு பாரமும் கடைசிக் கண்ணியில் இறங்கியது. சைகோனின் மாரியம்மன் கோயிலைப் பற்றிப் பெருமையோடு எழுதும் நாம் இந்த வரவு செலவையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இரண்டாவது வழி தரகு. வூ ட்ராங் ஃபுங் என்ற பத்திரிகையாளர் 1936இல் ஹனோய் வீட்டு வேலைக்காரர்களைப் பற்றி ஒரு நீண்ட நேரடிச் சித்திரம் எழுதினார். கிராமத்திலிருந்து வந்து குவியும் பெண்களையும் பையன்களையும் தரகுக்காரி வீட்டுக்காரர்களிடம் சேர்த்துவிடுகிறாள். நடுவில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறாள். இது 1936ஆம் ஆண்டு ஹனோய், படம் காட்டுவது 1951ஆம் ஆண்டு சைகோன், இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகள் நிலைமையைத் தளர்த்தவில்லை, இறுக்கின. 1945இல் வடக்கில் பெரும் பஞ்சம். 1946 முதல் பிரெஞ்சுப் படைக்கும் வியட்மின் விடுதலை இயக்கத்துக்கும் போர். தெற்கே கிராமங்கள் இரு தரப்புக்கும் நடுவில் சிக்கின. சைகோன் அகதிகளால் நிரம்பியது. படத்தில் போர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊரடங்குச் சங்காகவும் விமானச் சத்தமாகவும் காதில் மட்டும் விழுகிறது. மூய் போன்றவர்களை ஊரைவிட்டுக் கிளப்பியது அந்தச் சத்தம்தான்.

இனி பாசத்துக்கு வருவோம். அந்த வீட்டு அம்மாளுக்கு ஒரு மகள் பிறந்து இறந்திருக்கிறாள். இருந்திருந்தால் மூய் வயதுதான் இருக்கும். அதனால் அம்மாள் இவளிடம் கடுமையாக நடப்பதே இல்லை. கடைக்குட்டிப் பையன் மட்டும் இடைவிடாமல் சீண்டுகிறான். பத்து ஆண்டு கழித்துக் குடும்பம் நொடித்துப்போக, இளம்பெண்ணாகிவிட்ட மூய் பியானோ வாசிக்கும் ஒரு குடும்ப நண்பரின் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். புறப்படும்போது, மகளுக்கென்று எடுத்துவைத்த உடையையும் நகையையும் அம்மாள் அவளுக்குக் கொடுக்கிறாள். இருவரும் அழுகிறார்கள். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. ஆனாலும் கணக்குப் பார்த்தால், பத்து ஆண்டு உழைப்புக்குக் கிடைப்பது அம்மாளுக்கு மனம் இருந்ததால் வந்த ஒரு சீர். கேட்டுப் பெறும் உரிமை அதில் இல்லை. மனம் இல்லாத அம்மாளாக இருந்தால் வெறுங்கைதான். அவளை எங்கே அனுப்புவது என்பதையும் அவளைக் கேட்டு முடிவு செய்யவில்லை. தரகுக்காரியிடம் வந்தவர்களுக்கு இன்னொரு வீடு பார்க்கும் வழியாவது இருந்தது. மகளாக வளர்க்கப்பட்டவள் யாரிடம் போய்க் கூலி பேசுவாள்?

படத்தைச் சாட்சியாக எடுப்பதற்கே மறுப்பு உண்டு. இயக்குநர் சிறுவயதிலேயே பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர். படம் முழுவதும் பாரிஸுக்கு அருகே ஒரு ஸ்டுடியோவில் போட்ட செட்டில் எடுக்கப்பட்டது. இது ஏக்கத்தில் எழுந்த சைகோன், உண்மையானது அல்ல என்பது வாதம். கூலி, விலைவாசி, வாடகை பற்றிக் கேட்டால் இந்தச் சாட்சியை நம்ப முடியாதுதான். வேலையைப் பற்றிக் கேட்டால் நம்பலாம். பச்சைப் பப்பாளியைக் கையில் ஏந்தி, கத்தியால் நீளவாக்கில் நெருக்கமாகக் கொத்திவிட்டு, மேலாகச் சீவினால் இழை இழையாக விழுகிறது. பிறகு மூய் காயைப் பிளந்து உள்ளே முத்து முத்தாக இருக்கும் வெள்ளை விதைகளைப் பார்க்கிறாள். இந்தக் கைவேலை எந்தக் குடியேற்ற ஆவணத்திலும் பதிவாகாது. 'தத் தென்' வரியைச் சொல்கிறது, ஃபுங் தரகைச் சொல்கிறார், படம் உழைப்பைச் சொல்கிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் வரலாறு. இவற்றில் அழகானது ஒன்று என்பதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. அதன் முடிவு எனக்கு ஏற்பில்லை என்பது வேறு. எசமானே காதலனாகி எழுத்தும் சொல்லிக்கொடுக்கிறான். வேலைக்காரிக்குக் கதை கண்டுபிடித்த ஒரே விடுதலை அதே வீட்டுக்குள்தான் இருக்கிறது.

1975க்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் அரசின் கொள்கையில் வேலைக்காரி வைத்துக்கொள்ளும் வாழ்க்கைக்கு இடம் இல்லை. 1986இல் சந்தைப் பொருளாதாரம் திறந்தபின் நகரங்களில் மீண்டும் நடுத்தர வர்க்கம் பெருகியது. கிராமத்துப் பெண்கள் மீண்டும் வீட்டு வேலைக்கு வந்தார்கள். வீட்டு வேலைக்கு எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும் என்று வியட்நாம் அரசு விரிவான விதிகளுடன் ஆணை பிறப்பித்தது 2014இல்தான்.