அலிகேனி கவுண்டி நீதிமன்றம்: புகைக்கு ஈடுகொடுத்த கட்டடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரின் கிரான்ட் தெருவில் அலிகேனி கவுண்டி நீதிமன்றம் அமைந்துள்ளது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. 1884 முதல் 1888 வரை எழுப்பப்பட்ட இந்தக் கட்டடம், ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் என்ற கட்டடக் கலைஞரின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதன் அழகுக்குக் காரணமான கூறுகள் பலவும் தொழில் நகரமொன்றின் நடைமுறைத் தேவையிலிருந்தே பிறந்தவை.

அலிகேனி கவுண்டி 1788-இல் உருவானது. அதன் முதல் நீதிமன்றம் நகரின் சந்தைச் சதுக்கத்தில் இயங்கியது. பின்னர் கிரான்ட் குன்றின் மேல், ஜான் சிஸ்லெட் வடிவமைத்த இரண்டாவது நீதிமன்றம் 1840-களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. கிரேக்கக் கோயில் பாணித் தூண்களும் குவிமாடமும் கொண்ட அந்தக் கட்டடம் உள்ளூர் மணற்கல்லால் ஆனது. பிட்ஸ்பர்க்கோ இரும்பு ஆலைகளும் கண்ணாடி ஆலைகளும் இரவுபகலாக நிலக்கரி எரித்த ஊர். புகை அரித்து மணற்கல் சிதையத் தொடங்கியது. 1882 மே மாதம் நேர்ந்த தீவிபத்து அந்தக் கட்டடத்தை அழித்தது.

புதிய நீதிமன்றத்துக்கு வரைபடம் தருமாறு கவுண்டி நிர்வாகம் ஐந்து கட்டடக் கலைஞர்களை அழைத்தது. தேர்வானது ரிச்சர்ட்சனின் வரைபடம். லூசியானாவில் 1838-இல் பிறந்து, ஹார்வர்டிலும் பாரிஸிலும் பயின்றவர் அவர். ஐரோப்பாவின் இடைக்கால ரோமனெஸ்க் பாணியைத் தமதாக்கி, பாஸ்டனில் டிரினிட்டி தேவாலயத்தைக் கட்டிப் பெரும்புகழ் பெற்றிருந்தார்.

நடுவே திறந்த முற்றம், அதைச் சுற்றி நாற்புறமும் அறைகள் என்பதே அவர் வகுத்த அமைப்பு. மின்விளக்கு பரவலாகாத காலம் அது. முற்றத்தின் பக்கமும் தெருப்பக்கமும் சாளரங்கள் இருந்ததால் கட்டடத்தின் உட்பகுதிகளுக்கும் பகல் வெளிச்சம் கிடைத்தது. முற்றத்தில் தெருவின் இரைச்சலும் குறைந்தது. முகப்பில் எழும் 249 அடி உயரக் கோபுரம் அலங்காரத்துக்காக மட்டும் அமைந்ததன்று. தெரு மட்டத்துப் புகைக்கு மேலே உள்ள காற்றை அது உள்ளிழுத்துக் கீழே அனுப்பியது. அறைகளில் பயன்பட்ட காற்று பின்புறக் கோபுரங்கள் வழியே வெளியேறியது.

மணற்கல்லுக்கு நேர்ந்த கதி தெரிந்திருந்த ஊரில் இம்முறை கிரானைட் கல் எழுந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டிலிருந்து இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட கல் வந்தது. கட்டுமானப் பொறுப்பை நார்கிராஸ் சகோதரர்கள் ஏற்றனர். கல்லின் முகத்தை இழைக்காமல் சொரசொரப்பாகவே விட்டனர். நுண்சிற்பங்களைக் குறைத்துக்கொண்டு, சுவரின் கனத்தையும் அரைவட்ட வளைவுகளின் ஒழுங்கையும் நம்பினார் ரிச்சர்ட்சன். உள்ளே, முதன்மைப் படிக்கட்டில் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்வதில் இந்த ஒழுங்கு முழுமையாகப் புலப்படுகிறது.

நீதிமன்றத்துக்குப் பின்னால், ராஸ் தெருவின் மறுபுறம் சிறைச்சாலை. பெரும் கற்களால் ஆன உயர்ந்த மதிலுக்குள், எண்கோண நடுக்கூடத்திலிருந்து அதன் பிரிவுகள் கிளைக்கின்றன. கைதிகளைத் தெருவில் இறக்காமல் விசாரணைக்குக் கொண்டுசெல்ல, இரு கட்டடங்களையும் இணைத்து மூடிய கல்பாலம் அமைந்தது. வெனிஸ் நகரின் புகழ்பெற்ற பாலத்தைப் பின்பற்றி இதற்கும் 'பெருமூச்சுப் பாலம்' என்ற பெயர் வழங்குகிறது.

நீதிமன்றம் நிறைவுறுவதை ரிச்சர்ட்சன் காணவில்லை. நெடுநாள் சிறுநீரக நோயால் 1886 ஏப்ரலில், 47 வயதில் காலமானார். அவருடைய அலுவலகத்தின் வாரிசுகளான ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் மூவரும் பணியை முடித்தனர். மினியாபொலிஸின் நகர மண்டபமும் டொரண்டோவின் பழைய நகர மண்டபமும் இந்த நீதிமன்றத்தின் செல்வாக்கைத் தெளிவாகக் காட்டுகின்றன.

பிற்கால மாற்றங்களில் கட்டடத்துக்குப் பெரும் ஊறு விளைத்தது தெருப்பணி. செங்குத்தான ஏற்றத்தைக் குறைக்க 1913-இல் கிரான்ட் தெருவைத் தாழ்த்தியபோது முதன்மை வாயில் தரைமட்டத்துக்கு வெகு மேலே நின்றுவிட்டது. அதை எட்டக் கட்டிய படிக்கட்டும் 1920-களில் தெருவை அகலப்படுத்தியபோது அகற்றப்பட்டது. அதன்பின் மக்கள் முன்பு நிலத்தடித் தளமாக இருந்த பகுதியின் வழியே நுழைய வேண்டியதாயிற்று. ரிச்சர்ட்சன் திட்டமிட்ட வரவேற்பு வழி குலைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக்கப்பட்ட சிறை 1995 வரை இயங்கியது. பின்னர் உட்புறம் மாற்றியமைக்கப்பட்டு குடும்ப நீதிமன்றமாயிற்று. நீதிமன்றமும் சிறையும் 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. நகரின் ஆலைப்புகை அடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், ரிச்சர்ட்சன் கட்டிய நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை தொடர்கிறது.