தமிழ் எழுத்தும் தனியாள் முயற்சியும்

போர்டிக்சன் என்றவுடன் கடற்கரையும் விடுமுறைக் களிப்புமே இன்று பலர் நினைவுக்கு வரும். 1891ஆம் ஆண்டிலேயே சிரம்பானோடு இருப்புப்பாதையால் இணைக்கப்பட்ட அத்துறைமுக நகரைச் சூழ்ந்து சுவா பெத்தோங், சுங்காலா, அதர்டன் முதலிய தோட்டங்கள் அமைந்திருந்தன. அங்கே பால்மரம் சீவிய தமிழர் வாழ்வில் எழுத்துக்கு இருந்த இடம் சிறியது, ஆயினும் அருமையானது. தாயகத்துக்குப் போகும் கடிதம், ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் நாளிதழ், கோயில் திருவிழா அறிவிப்பு, பள்ளிப் பிள்ளையின் கற்பலகை: மலாயாத் தோட்டங்கள் எங்கும்போல் தமிழ் அங்கும் கையெழுத்தாகவே பெரிதும் வாழ்ந்தது. தோட்ட அலுவலகத்தின் தட்டச்சுப் பொறி ஆங்கிலம் மட்டுமே அறிந்திருந்தது. தொழிலாளியின் பெயர், கிராணியின் காதில் விழுந்தவாறு உரோமன் எழுத்தில் ஏட்டில் ஏறியது. ஒரே குடும்பத்தில் தந்தை பெயர் ஒருவிதமாகவும் மகன் பெயர் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பதை இந்நாட்டுத் தமிழர் நன்கறிவர்.

பொறியில் தமிழை ஏற்றுவது எளிய செயலன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்து 247 ஆகின்றது. தட்டச்சுப் பொறியிலோ விசைகள் ஐம்பதுக்கும் குறைவு. இச்சிக்கலை அவிழ்த்தவர் யார் என்று தேடிச் செல்வோர் பல்கலைக்கழகத்தையோ அரசுத் துறையையோ சென்றடைவதில்லை. சிங்கப்பூர் வணிக நிறுவனமொன்றில் தலைமை எழுத்தராகப் பணிபுரிந்த யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவரையே சென்றடைகின்றனர். அவர் ஆர். முத்தையா. 1886இல் பிறந்து, 1907இல் மலாயா வந்து, பின்னர் சிங்கப்பூரில் பணியாற்றியவர். ஆங்கிலப் பொறியில் ஒரு விசையைத் தட்டினால் எழுத்துப் பதிந்து தாள் ஓரிடம் நகரும். தமிழுக்கு அவ்வொழுங்கு போதாது. மெய்யெழுத்தின் தலைமேல் புள்ளி வேண்டும். இகர ஈகாரக் குறிகள் எழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். முத்தையா சில விசைகளைத் தட்டினாலும் தாள் நகராதவாறு அமைத்தார். முதலில் புள்ளியைத் தட்டி, அதே இடத்தில் எழுத்தைத் தட்டினால் இரண்டும் ஒன்றாகும். 'நகரா விசை' என்னும் இந்நுட்பமே தமிழ்த் தட்டச்சுக்கு உயிர். அவர் வகுத்த விசைப்பலகையின் அடிப்படையில் பொறிகள் செர்மனியில் செய்யப்பட்டன. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தொழில், அதற்கப்பால் கிடைத்த நேரத்தில் மொழித்தொண்டு என்னும் இவ்வமைப்பு அவரோடு முடிந்துவிடவில்லை.

இதழ்களின் நிலை வேறு. 1924இல் தோன்றிய தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அச்சுக்கோப்பாளரின் விரல்களால் நாள்தோறும் உருவாயின. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த அத்தொழிலாளரின் வரலாறு தனியே எழுதத் தக்கது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை போன்றவற்றின் பழைய கூட்டுவடிவங்களை நீக்கி அச்சுச் சுமையைக் குறைத்தது. அக்குறைப்பு, பின்னர் வந்த கணினிக்கும் பெருந்துணையாயிற்று.

1980களில் தனியாள் கணினி விற்பனைக்கு வந்தபோது, அதனுள்ளும் தமிழ் இல்லை. கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 'ஆதமி' என்னும் செயலியை ஆக்கினார். மலேசியாவில் பொறியாளர் முத்து நெடுமாறன் 1985 அளவில் தொடங்கிய முயற்சி 'முரசு' எனவும், பின்னர் 'முரசு அஞ்சல்' எனவும் வளர்ந்தது. மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தை 1997இல் தொகுத்தளித்த கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர் அவர். தந்தை சிதறிக் கிடந்த கவிதைகளைத் தேடித் தொகுத்தார். தனயர் அவற்றைத் தட்டெழுதும் கருவியைச் செய்தார். இந்நாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றில் இத்தகைய இணை வேறில்லை எனலாம். மலேசிய, சிங்கப்பூர் இதழ்கள் முரசைக் கையாண்டன. 1990களில் அஞ்சலைத் தனிப்பயனுக்கு விலையின்றிப் பெற முடிந்தது. ஆங்கில விசைகளில் ஒலிப்பின்படி தட்டினாலே தமிழ் தோன்றும் அதன் முறை, தட்டச்சுப் பயிலாத ஆசிரியரையும் மாணவரையும் எழுத வைத்தது. தமிழை உரோமன் வழியாகத் தட்டுவது தகுமா என்று தூயதமிழ் அன்பர்கள் வினவியது இயல்பே. ஆனால் அம்முறை இல்லையேல் பலர் எழுதியிருக்கவே மாட்டார்கள் என்பதை மறுத்தற்கில்லை.

இணையத்திலும் இவ்வரலாறே தொடர்ந்தது. சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சி விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் எழுத்துருவை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்று இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் ஏறியது. 1997 மேயில் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாக அந்நகரில் கூட அவரே முன்னின்றார். 1999இல் மறைந்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக விளங்கிய கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து வழங்கினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி யாவர்க்கும் இலவசமாக வைத்தனர். பினாங்கில் பிறந்து செர்மனியில் வாழும் க. சுபாஷிணியும் நா. கண்ணனும் 2001இல் தமிழ் மரபு அறக்கட்டளையை நிறுவினர். எழுத்தர், பொறியாளர், ஆசிரியர், வேதியியலர் என இவர்கள் தொழில் பலவாயினும், தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்தமை பொதுவாக நிற்கின்றது. தமிழ் தானே கிடைக்கும் ஊரில் இருப்பவனுக்கு இத்தவிப்பு தோன்றாது போலும்.

இம்முயற்சிகளுக்கு ஒரு விலையும் இருந்தது. அவ்விலையைப் பேசாமல் புகழ்மட்டும் பாடுவது வரலாறாகாது.

கணினி எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணையே பார்க்கின்றது. 65 என்னும் எண்ணுக்கு ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து என்பது உலகம் ஒப்பிய உடன்படிக்கை. தமிழுக்கு அத்தகைய உடன்படிக்கை வழக்கில் இல்லாத காலத்தில், எழுத்துரு செய்தோர் ஆங்கில எழுத்து நின்ற இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தனர். எந்த எண்ணில் எவ்வடிவம் என்பது அவரவர் விருப்பம். ஆகவே ஓர் எழுத்துருவில் எழுதியதை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. கோலாலம்பூரில் எழுதிய கடிதத்தைச் சென்னையில் படிக்க, கடிதத்தோடு எழுத்துருவையும் அனுப்ப வேண்டியதாயிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்க இரு வழிகள் தோன்றின. பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழி கலந்துரையாடித் 'திஸ்கி' என்னும் குறிமுறையை வகுத்தனர். கீழ்ப்பாதி 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டு, மேற்பாதியில் தமிழை அமைத்தது அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டையடுத்துத் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் குறிமுறைகளையும், 'தமிழ் 99' விசைப்பலகையையும் ஏற்றது. ஒன்றாக வேண்டியது இரண்டாயிற்று! 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாகி, 2001இல் கோலாலம்பூரில் மாநாடு கூடியபோதும் இவ்விவாதம் ஓயவில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991இல், உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிவிட்டது. அதன் வரிசை, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறிமுறையைத் தழுவியது. உயிர்மெய்க்குத் தனியிடம் இல்லை; 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியுமாகிய இரண்டு எண்களாகவே சேமிக்கப்படும். தொல்காப்பியம் பயின்றோர்க்கு இது உறுத்தலே. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமுடையது. காலந்தாழ்ந்து எழுந்தமையே அதன் குறை. 2010 சூனில் தமிழக அரசு யூனிகோடையும், அனைத்தெழுத்துக்கும் இடமளிக்கும் 'டேஸ் 16' முறையையும் ஒருங்கே ஏற்றது. நடைமுறையில் வென்றது யூனிகோடே. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் வந்த செல்லினம் என்னும் கைப்பேசிச் செயலியும் இன்றியமையாதனவாக வளர்ந்தமைக்கு அப்பொதுமையே காரணம்.

ஆனால் 1990களில் எழுதப்பட்டவை என்னவாயின? இவ்வினா தோட்டங்களை நேரே தொடுகின்றது. அப்பத்தாண்டு, மலேசியத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடந்தந்து சுருங்கிய காலம். இடம்பெயர்ந்த பின்னும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பள்ளி ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், இளைஞர் மன்ற மலர் என அக்காலத்தில் வெளிவந்தவற்றில் கணினியில் கோத்தவை பல. தோட்டத்தின் முதியோர் பெயர்கள், தலைமையாசிரியர் வரிசை, கோயில் கட்டிய கதை ஆகியன அச்சேறிய ஏடு பெரும்பாலும் இத்தகைய மலர் ஒன்றுதான். அதன் கோப்பு நெகிழ்வட்டில் கிடைத்தாலும், அவ்வட்டைப் படிக்கும் கருவி இன்று அரிது. கருவி கிடைத்தாலும், எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால் திரையில் நிற்பவை குறிக்கூட்டமே. பெயர் தெரிந்தால், மாற்றிச் செயலியால் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். அப்போதும் கொம்பு முன்னும் துணைக்கால் பின்னுமாகப் பிரிந்துகிடக்கும் ஒகர ஓகார எழுத்துகளில் பிழை புகுதலுண்டு. மதுரைத் திட்டத்தின் நூல்களே திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மீண்டும் மாற்றப்பட வேண்டியிருந்தன. அச்சான மலர் ஒரு படியேனும் கையில் இருக்குமாயின், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டெழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்ப்பதே பல நேரங்களில் விரைவான வழி. 1998 பொங்கலில் அத்தன்னார்வலர்கள் கையாளத் தொடங்கியதும் அவ்வழியே.