ஸ்டாண்டர்டு ஹெரால்டும் துருவும்: பழைய கார்களின் பாடி சீரமைப்பு வரலாறு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது 1961 முதல் 1971 வரை சென்னையில் தயாரிக்கப்பட்ட சிறிய கார் ஆகும். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம் இது. இதைத் தயாரித்த நிறுவனம் 1988-இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எஞ்சின் தேய்ந்தால் சிலிண்டரைக் கடைந்து, வேறு பிஸ்டன் போட்டு ஓட்டலாம். பாடியின் தகடு துருவால் அரிக்கப்பட்டால் புதுத் தகடு வாங்கக் கடை இல்லை. எனவே இந்தக் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தகட்டு வேலை செய்யும் டிங்கரின் கைத்திறன்தான். தமிழ்நாட்டின் ஒரு தொழில்திறன் எப்படி வளர்ந்தது, இன்று ஏன் அது தேவைப்படுகிறது என்பதை ஹெரால்டின் கதை காட்டுகிறது.

சென்னையில் உருவான கார்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-இல் தொடங்கப்பட்டது. கவன்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் அதன் கூட்டாளிகள். சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் ஆலை அமைந்தது. வான்கார்டு, டென், பென்னன்ட் ஆகிய கார்களுக்குப் பிறகு 948 சிசி எஞ்சினுடன் ஹெரால்டு வந்தது. முதலில் இரண்டு கதவுகளுடன் வந்த இந்தக் கார், 1960-களின் இறுதியில் நான்கு கதவுகளுடனும் தயாரானது. அதன் வழிவந்த கெசல் 1972 முதல் 1977 வரை விற்பனையானது. கடைசியாக 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

உள்நாட்டில் உதிரிபாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களே நாட்டில் கார் தொழில் நடத்தலாம் என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. அதன்பின் கார்களைப் பொருத்தி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு நிறுவனங்கள் வெளியேறின. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்தியர்களின் தேர்வு பெரும்பாலும் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றுக்குள் அடங்கியது. புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் ஓட்டை விழுந்த காரை யாரும் எளிதில் கழித்துக்கட்டவில்லை, பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

போல்ட்டால் இணைந்த பாடி

ஹெரால்டு வடிவமைக்கப்பட்ட 1950-களில் பல கார்கள் தனிச் சேசிஸ் இல்லாமல், பாடியே எலும்புக்கூடாக நிற்கும் அமைப்புக்கு மாறிவிட்டிருந்தன. அம்பாசிடரும் அவ்வகையே. ஹெரால்டு மட்டும் பழைய முறைக்குத் திரும்பியது. இதற்குக் காரணம் தொழில் போட்டி. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் அச்சிட வழியில்லாததால், பல ஆலைகளில் சிறு பகுதிகளாகச் செய்து போல்ட்டால் இணைக்கத் தீர்மானித்தார்கள். காரின் தோற்றத்தை இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜொவானி மிகெலோட்டி வரைந்தார்.

இவ்வாறு முன்பகுதி, பின்பகுதி, கூரை ஆகியவை சேசிஸின் மேல் தனித்தனியாக அமர்ந்தன. இரு மட்கார்டுகளும் பானட்டும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறந்தன. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகடுகூட போல்ட்டால் மாட்டப்பட்டதே. பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத நாடுகளில் பொருத்துவதற்கு இது வசதியாக இருந்தது. பின்னாளில் இதே அமைப்பு சிறு பட்டறைகளுக்கும் உதவியது. துருப்பிடித்த பகுதியைக் கழற்றி வெளியே வைத்து வேலை செய்யலாம்.

ஆனால் இணைப்புகள் கூடினால் நீர் தேங்கும் இடங்களும் கூடும். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள், டிக்கியின் அடித்தளம், கதவுகளின் கீழ் விளிம்பு ஆகியவை ஹெரால்டில் முதலில் அரிக்கும் இடங்கள்.

பண்பொழிச் சாரலும் இரும்பும்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து தேவை. உப்பு இருந்தால் வேகம் கூடும். தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றே முதல் எதிரி. தென்காசி மாவட்டத்தின் பண்பொழி கடலிலிருந்து விலகி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், செங்கோட்டைக்கு அருகில் உள்ளது. திருமலைக் குமாரசாமி கோயிலால் அறியப்பட்ட ஊர் இது. இங்கே உப்பு இல்லை, ஈரம் உண்டு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகக் கொண்டுவரும் சாரல்தான் குற்றாலத்துக்குச் சீசனைத் தருகிறது. அது ஓய்ந்த பின் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்.

பெருமழை தகட்டைக் கழுவிவிட்டு ஓடிவிடும். சாரல் அப்படியல்ல. மட்கார்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் சேற்றை அது நாள்கணக்கில் நனைத்தே வைத்திருக்கும். கதவின் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் சருகாலும் மண்ணாலும் அடைபட்டால், கதவு உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு தகடுகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிளக்கிறது. வெளியே பெயின்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு மெலிந்து போயிருக்கும். இன்றைய கார்களின் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சும் மின்முறை பிரைமர் முக்கலும் பாதுகாப்புத் தருகின்றன. 1960-களின் கார்களுக்கு வெறும் பெயின்டே கவசம்.

டிங்கர் பட்டறை

ஆங்கிலத்தில் டிங்கர் என்றால் ஊர் ஊராகச் சென்று பாத்திரம் அடைப்பவர். தமிழ்நாட்டிலோ அச்சொல் கார், பேருந்துத் தகட்டைச் சீர்செய்யும் தொழிலாளியைக் குறிக்கிறது. அவருடைய கருவிகள் எளியவை: பலவகைச் சுத்தியல்கள், தகட்டின் மறுபுறம் பிடிக்கும் இரும்பு டாலி, தகரக் கத்தரி, கேஸ் வெல்டிங் சாதனம். கார்பைடுக் கல்லும் நீரும் சேர்ந்து உண்டாகும் அசிட்டிலீன் வாயுவே பல பட்டறைகளில் வெல்டிங்குக்குப் பயன்பட்டது.

அவர் செய்யும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அட்டையில் அளவு வரைந்து, ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் தடிமனுள்ள 20 கேஜ் தகட்டை வெட்ட வேண்டும். மட்கார்டின் வளைவுக்கு ஏற்பத் தட்டித் தட்டி உருவம் கொண்டுவர வேண்டும். பிறகு ஓரங்களை நேருக்கு நேர் சேர்த்து, இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்க வேண்டும். ஒரே மூச்சில் பற்றவைத்தால் வெப்பத்தால் தகடு நெளிந்துவிடும். அம்பாசிடரில் கதவடித் தகடு காரின் எடையையே தாங்குவது. உட்புறம் முட்டுக்கொடுக்காமல் அதை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, கதவு மூடாது. ஹெரால்டில் அந்தச் சுமை சேசிஸுக்குப் போவதால், அங்கே சேசிஸின் கைகளை முதலில் சோதிப்பது முறை.

ஒட்டும் பட்டியும்

துருவைச் சரிசெய்ய மலிவான இன்னொரு வழியும் இருந்தது. ஓட்டையின் மேல் வலையோ தகரத் துண்டோ வைத்து, பட்டி பூசி, தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடுவது. காரை விற்கும் நாளில் அது பளபளக்கும். பட்டிக்குப் பின்னால் துரு உயிரோடிருப்பதால், சில மழைக்காலங்களில் கொப்புளம் திரும்பிவரும். பாரம் தாங்கும் இடத்தில் இப்படி மூடினால் அது ஏமாற்று வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. காந்தத்தை வைத்துப் பார்த்து இதை அறியலாம். இரும்பில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டியின் மேல் ஒட்டாது. உண்மையான தகட்டு வேலைக்கும் மெல்லிய பட்டி தேவைதான். அங்கே அது மேடுபள்ளத்தைச் சமன்செய்யும். இரும்பின் இடத்தைப் பிடிக்காது.

ஐம்பது ஆண்டு விதி

இந்த வேறுபாட்டுக்கு இன்று சட்டத்திலும் பொருள் உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய வழிசெய்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1971-இல் உற்பத்தி நின்ற ஹெரால்டுகள் அனைத்தும் இந்த வயதைக் கடந்துவிட்டன. அரித்த பகுதியை மட்டும் அதே வளைவில், அதே தடிமனில் மாற்றும் வேலை காரின் மூல வடிவத்தைக் காப்பாற்றும். பட்டியால் மூடியது அதைப் போலி செய்யும்.

புதிய கார்களில் நசுங்கிய கதவைக் கழற்றிவிட்டு நிறுவனத்திலிருந்து வரும் கதவை மாட்டுவதே வழக்கமாகிவருகிறது. வெறும் தகட்டிலிருந்து மட்கார்டு வளைவை உருவாக்கும் தேவை அங்கே எழுவதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் தகட்டு வேலை ஒரு பாடப்பிரிவாக இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட காரின் வளைவுகளைக் கை அறிவது பட்டறையில்தான். பழகிய டிங்கர்கள் தங்களிடமுள்ள அட்டை அளவுகளையும் வேலை வரிசையையும் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தால்தான், சென்னையில் பிறந்த ஹெரால்டுகள் இன்னும் பல சாரல் காலங்களைத் தாங்கும்.