இரவுப் பாலூட்டல்

பிறந்த சில மாதங்கள் வரை குழந்தை இரவில் பலமுறை விழித்துப் பால் குடிப்பது. இது இயல்பு, கெட்ட பழக்கமோ, தாய்ப்பால் போதவில்லை என்பதன் அடையாளமோ அன்று. பச்சிளங்குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் உறங்கும், ஆனால் துண்டு துண்டாக. இரைப்பை சிறியது, தாய்ப்பால் விரைவில் செரிக்கும். ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் வேண்டும். இரவு பகலை உணரும் உடற்கடிகாரம் 2, 3 மாதங்களில்தான் உருப்பெறத் தொடங்கும். இரவில் சுரக்கும் பாலில் உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் உண்டு. பகற்பாலில் அது மிகக் குறைவு. சுரப்பைத் தூண்டும் புரோலாக்டினும் இரவில்தான் மிகுதி. எனவே தொடக்க மாதங்களில் இரவுப் பாலை நிறுத்தினால் மொத்தச் சுரப்பே குறையக்கூடும்.

குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி கனவுநிலை உறக்கம். அப்போது முனகும், முகம் சுளிக்கும், சிரிக்கும். அதைப் பசியென்று எண்ணி உடனே தூக்க வேண்டியதில்லை. உண்மையில் பசித்தால் உதட்டைச் சப்பும், கையை வாயில் வைக்கும், மார்பைத் தேடித் தலை திருப்பும். அழுகை கடைசியில்தான் வரும்.

நன்றாகத் தூங்கட்டும் என்று கஞ்சியோ மாவோ தண்ணீரோ கொடுப்பது தவறு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பால் குடித்தபின் குழந்தையை மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும்.