சப்பிரகமுவவும் கண்டியின் கடைசி அரசனும்

முழு முடியாட்சி என்றதும் இன்று ஆபிரிக்காவின் எசுவாத்தினி நாடே பலருக்கும் நினைவில் எழும். 1986ஆம் ஆண்டில் முடிசூடிய மூன்றாம் முசுவாத்தி மன்னரின் வாக்கே அங்கு முடிந்த வாக்கு. அத்தகைய ஆட்சியொன்று இலங்கையின் மலைநாட்டிலும் 1815ஆம் ஆண்டு வரை நிலவியது. அதன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவனுடைய வீழ்ச்சி தொடங்கிய இடம் சப்பிரகமுவ.

கண்ணுசாமி என்பது அவனது இயற்பெயர். தென்னிந்தியாவிலிருந்து வந்து 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் குலத்தைச் சேர்ந்தவன். 1798ஆம் ஆண்டில், ஏறக்குறையப் பதினெட்டு வயதில், அவனை அரியணையில் ஏற்றியவர் முதல் அதிகாரான பிலிமத்தலாவை. இளைஞன் பெயருக்கு அரசனாயிருப்பான், ஆட்சி தம் கையில் இருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு பிழைத்தது. இளைஞன் ஆளக் கற்றுக்கொண்டான். 1803ஆம் ஆண்டில் கண்டியைப் பிடித்த ஆங்கிலப் படையும் அவனிடம் அழிந்தது. சதிக் குற்றத்தின் பேரில் பிலிமத்தலாவையும் பின்னர் தலையிழந்தார்.

கண்டி அரசனின் அதிகாரம் ஏட்டளவில் எல்லையற்றது. நிலமெல்லாம் அவனுடையது, குடிகள் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர்கள். நடைமுறையோ வேறு. மாகாணங்களைத் திசாவைமார் ஆண்டனர். வரியும் ஆட்களும் அவர்கள் வழியாகவே அரசனை அடைந்தன. அதிகார்களையும் பிக்குகளையும் கலந்து நடப்பது மரபு. இந்த மரபை அரசன் ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். கண்டி வாவியை எழுப்பக் குடிகளின் உழைப்பை வற்புறுத்தி வாங்கியபோது தலைவர்களும் முணுமுணுத்தார்கள், மக்களும் முணுமுணுத்தார்கள். அந்த வாவி இன்று அந்நகருக்கே அழகு.

எம்பிலிப்பிட்டியவைத் தென்கிழக்கு முனையிற் கொண்ட இரத்தினபுரி மாவட்டமே ஏறக்குறைய அன்றைய சப்பிரகமுவத் திசாவனி. மாணிக்கமும் பாக்கும் விளையும் நாடு. மேற்கிலும் தெற்கிலும் ஆங்கிலேயரின் கரையோர ஆட்சியை எல்லையாகக் கொண்ட நாடு. இதனை ஆண்ட திசாவை அரசனோடு பகைத்தால் அந்நியன் நுழையக் கதவு திறந்துவிடும். அப்பதவியில் இருந்தவர் எகலப்பொலை. முதல் அதிகாரும் அவரே. எல்லைக்கு அப்பாலிருந்த ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலியோடு அவருக்கு இரகசியக் கடிதத் தொடர்பு இருந்தது. அரசன் ஐயுற்றதில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

1814ஆம் ஆண்டில் கண்டிக்கு வருமாறு ஆணை பிறந்தது. எகலப்பொலை போகவில்லை, சப்பிரகமுவவில் கிளர்ச்சி எழுந்தது. அரசன் அவருடைய பதவிகளைப் பறித்து மொல்லிகொடவிடம் கொடுத்தான்; மொல்லிகொட படையுடன் வந்து கிளர்ச்சியை அடக்கினார். எகலப்பொலை கொழும்புக்குத் தப்பியோடினார். கண்டியில் பிணையாக இருந்த அவருடைய மனைவி மக்கள் தப்ப வழியில்லை. மே மாதத்தில் பிள்ளைகள் வெட்டுண்டனர். தாய் நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள். அஞ்சிய அண்ணனுக்கு முன்னே வந்து கழுத்தை நீட்டியவன் என்று சிறுவன் மத்தும பண்டாரவை இன்றும் சிங்கள மக்கள் போற்றுகின்றனர். பிள்ளைகளின் தலைகளை உரலில் இடிக்கத் தாய் கட்டாயப்படுத்தப்பட்டாள் என்னும் கதையை நம்பாத வரலாற்றாசிரியர்களும் உளர். அரசனின் கொடுமைகளைப் பெரிதும் எழுதிவைத்தவர்கள் அவனது நாட்டைக் கைப்பற்றியவர்களே. ஆயினும் கொலைகள் மெய். குற்றவாளி கைக்கு எட்டாதபோது குற்றமற்றோரைத் தண்டித்த அரசனை, அதன் பின்னர் பிரதானிகள் எவரும் மனமார நம்பவில்லை.

ஆங்கிலத் தேசாதிபதி பிரவுன்ரிக் 1815 ஜனவரி 10இல் போர் அறிவித்தார். போர் அரசன் மேல்தான், மக்கள் மேல் அன்று என்று அவர் சொன்னதை எடுத்துக்காட்ட எகலப்பொலையும் உடன் வந்தார். எதிர்ப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அரசனின் நம்பிக்கைக்குரிய மொல்லிகொடவும் கட்சி மாறினார். பெப்ரவரி 18இல், தும்பறைப் பகுதியில் மறைந்திருந்த அரசனைச் சுற்றி வளைத்துக் கட்டியவர்களின் தலைவர் சப்பிரகமுவவைச் சேர்ந்த ஏக்நெலிகொட. மார்ச் 2இல் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. பிரதானிகள் தங்கள் அரசனை விலக்கி இங்கிலாந்து மன்னனை ஏற்றனர். அரசனின் ஆண் உறவினர் கண்டி நாட்டுக்குள் காலடி வைக்கவும் அது தடை விதித்தது.

அரியணை தமக்கு வருமென்று எகலப்பொலை எண்ணியிருந்தார். வரவில்லை. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் அவரையே ஐயுற்றுச் சிறைப்படுத்தினர். 1825ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் அருகேயுள்ள மொரிசியசுத் தீவுக்கு அனுப்பினர். 1829ஆம் ஆண்டில் அங்கேயே மாண்டார்.

அரசனையும் அவன் குடும்பத்தாரையும் 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுசென்றனர். வேலூர்க் கோட்டையில் காவலில் பதினாறு ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளிலும் பின்னரும் அதே தமிழகத்திலிருந்து ஏழை மக்கள் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். சப்பிரகமுவவின் சரிவுகளிலும் பின்னர் அவர்களது லயங்கள் எழுந்தன. 1832 ஜனவரி 30இல் அரசன் இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்தில் அவன் கல்லறையைக் காணலாம். அவன் அமர்ந்த அரியணை நூற்றாண்டுக்கு மேல் இங்கிலாந்தில் இருந்து, 1934ஆம் ஆண்டில் இலங்கைக்குத் திரும்பி வந்தது.